100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் நெட் ஏன் சுத்துது? கோளாறு லைனிலா, வீட்டுக்குள்ளேயா? கண்டுபிடிப்பது எப்படி?

மாதம் பிறந்தால் 700, 800 ரூபாய் பில் வந்துவிடுகிறது. திட்டத்தின் பெயரிலேயே '100 எம்பிபிஎஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் ராத்திரி 9 மணிக்கு மேட்ச் பார்க்க உட்கார்ந்தால், சரியாகக் கடைசி ஓவரில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், 'ரௌட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்கிறார்கள். மறுநாள் வரும் லைன்மேன், ரௌட்டர் பக்கத்தில் நின்றபடி தன் மொபைலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டி, '95 வருது பாருங்க, எங்க சைடுல ஒரு பிரச்சினையும் இல்ல' என்று கிளம்பிவிடுகிறார்.

அதற்குப் பிறகு வீட்டில் எழும் கேள்வி இதுதான்: 'பேசாம 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடலாமா?'

கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தகராறில் வாடிக்கையாளர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், லைன்மேன் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். காரணம், இணையம் உங்கள் போனுக்கு வருவது இரண்டு கட்டப் பயணம். நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்து ரௌட்டர் வரை ஒரு கட்டம். ரௌட்டரில் இருந்து போன், டிவி, லேப்டாப் வரை இன்னொரு கட்டம். தெருக்குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும், மாடி பாத்ரூமில் சொட்டு சொட்டாக விழுவதில்லையா? அதே கதைதான். மாடிக் குழாயில் அடைப்பு இருக்கும்போது தெருக்குழாயைப் பெரிதாக்கினால் காசுதான் போகும்.

அடைப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஒரு கேபிளும் அரை மணி நேரமும் போதும்.

முதலில் ஒரு கணக்கு

'100 எம்பிபிஎஸ் பிளான், ஆனா டவுன்லோட் பண்ணும்போது 12தான் காட்டுது. ஏமாத்துறாங்க' என்ற புகார் அடிக்கடி கேட்பதுண்டு. பல நேரங்களில் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிறுவனங்கள் வேகத்தை 'மெகாபிட்' கணக்கில் சொல்கின்றன. நாம் இறக்கும் ஃபைலின் அளவோ 'மெகாபைட்' கணக்கில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். 1 ஜிபி படம் ஒன்று இறங்க கிட்டத்தட்ட 80 நொடி. கம்ப்யூட்டரில் 12 காட்டினால் உங்கள் இணைப்பு நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் அளவு: ஃபுல் ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். நல்ல தரத்தில் ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். ஹாலில் 4கே டிவி, பெட்ரூமில் இன்னொரு டிவி, ஒருவர் ஆபீஸ் மீட்டிங்கில், பிள்ளைகள் ஆளுக்கொரு மொபைலில் ரீல்ஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 50 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது கஷ்டம். அப்படியிருந்தும் 100 எம்பிபிஎஸ் வீட்டில் நெட் சுற்றுகிறது என்றால், சிக்கல் பிளானின் அளவில் இருக்க வாய்ப்பு குறைவு.

டெஸ்ட் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது

பெரும்பாலானோர் எப்படி டெஸ்ட் போடுகிறார்கள்? பெட்ரூம் கட்டிலில் படுத்துக்கொண்டு, வைஃபையில், வீட்டில் மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதில் வரும் எண் 22 என்றால், அது லைனின் வேகமா, சுவரைத் தாண்டி வந்த வைஃபையின் வேகமா, மற்றவர்கள் பயன்படுத்தியது போக மிஞ்சிய வேகமா? யாருக்கும் தெரியாது. அந்த எண்ணைக் காட்டி சண்டை போட்டால் நிறுவனம் சுலபமாகத் தப்பித்துவிடும்.

சரியான வழி: ரௌட்டரின் பின்பக்கம் உள்ள மஞ்சள் நிற லேன் போர்ட்டில் கேபிளைச் செருகி, லேப்டாப்பில் நேரடியாக இணைக்க வேண்டும். (போர்ட்டின் நிறம் மாடலுக்கு மாடல் மாறும், 'லேன்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.) லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். விபிஎன் ஏதாவது இருந்தால் அதையும் ஆஃப் செய்ய வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்களிடம் 'ஒரு அஞ்சு நிமிஷம் நெட்டை விடுங்க' என்று கேட்டுக்கொண்டு, மூன்று முறை டெஸ்ட் போட்டு, மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் இல்லாத வீடுகள் ஏராளம். அதற்கும் வழி இருக்கிறது. யுஎஸ்பி சி வகை சார்ஜிங் போர்ட் உள்ள பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், 'யுஎஸ்பி டு லேன்' அடாப்டர் ஒன்றைச் செருகி கேபிளிலேயே டெஸ்ட் போடலாம். கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும். அதுவும் முடியாதென்றால், ரௌட்டரில் இருந்து ஐந்தாறு அடி தூரத்தில், நடுவில் சுவரோ கதவோ இல்லாமல் நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்து டெஸ்ட் போடுங்கள். மொபைல் டேட்டாவை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். கேபிள் டெஸ்ட் அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

டிவியின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகி டெஸ்ட் போடுபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல ஸ்மார்ட் டிவிகளில் அந்த போர்ட்டின் உச்ச வேகமே 100 எம்பிபிஎஸ்தான். 300 எம்பிபிஎஸ் பிளானை அதில் அளந்தால் எப்போதும் 95தான் காட்டும்.

எந்த டெஸ்ட்டில் பார்ப்பது? ஊக்லா நிறுவனத்தின் 'ஸ்பீட்டெஸ்ட்' எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது தானாகவே மிக அருகில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் அது உங்கள் இணைய நிறுவனத்தின் சொந்த சர்வராகவே இருக்கும். அப்போது அளக்கப்படுவது அவர்களது வளாகத்துக்குள் ஓடும் வேகம். வெளியே போகும் பாதையில் நெரிசல் இருந்தாலும் டெஸ்ட்டில் தெரியாது. அதனால் சர்வர் பட்டியலில் வேறொரு நிறுவனத்தின் சர்வரையும், முடிந்தால் மும்பை சர்வரையும் தேர்ந்தெடுத்து ஒரு முறை பாருங்கள். கூடவே நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் 'ஃபாஸ்ட் டாட் காம்' தளத்திலும் ஒரு முறை. படம் எங்கிருந்து வருகிறதோ அந்த சர்வர்களையே வைத்து அது அளக்கிறது. ஊக்லாவில் 95, ஃபாஸ்ட் டாட் காமில் 20 என்று வந்தால், நிறுவனத்திடம் கேள்வி கேட்க உங்களுக்கு நல்ல பிடி கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: ஸ்பீட் டெஸ்ட் என்பது உண்மையான டேட்டாவை இறக்கி ஏற்றித்தான் அளக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 நொடி ஓடினாலே 125 மெகாபைட் போய்விடும். வீட்டு ஃபைபரில் இது பொருட்டல்ல. மொபைல் டேட்டாவில் விளையாட்டாக நாலு தடவை போட்டுப் பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இதே கேபிள் டெஸ்ட்டைக் காலை 7 மணிக்கு ஒரு முறை, ராத்திரி 9 மணிக்கு ஒரு முறை என மூன்று நாள் போடுங்கள். பிறகு அதே நேரத்தில், நெட் சுற்றுகிற அறையில் நின்று வைஃபையிலும் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அந்தத் தாள் என்ன சொல்லும்?

கேபிளில் எப்போதும் 90க்கு மேல், பெட்ரூம் வைஃபையில் 15 என்றால், லைன்மேன் சொன்னது சரி. நிறுவனம் தர வேண்டியதைத் தந்துவிட்டது, வீட்டுக்குள்தான் தொலைகிறது. பிளானை மாற்றினால் 15 அப்படியே 15ஆகவே இருக்கும்.

கேபிளில் காலையில் 95, ராத்திரியில் 30 என்றால், அது நிறுவனத்தின் பக்கத்து நெரிசல். ஃபைபர் என்றதும் உங்களுக்கென்று தனியாக ஒரு லைன் இழுத்திருப்பதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீட்டு ஃபைபரில் ஒரே இழையை 'ஸ்பிளிட்டர்' வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். பரவலாக உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில் அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு 2.5 ஜிபிபிஎஸ். 64 வீடுகளும் ஒரே நொடியில் 100 எம்பிபிஎஸ் இழுத்தால் 6.4 ஜிபிபிஎஸ் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அதில் தவறும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியின் ஆபரேட்டர், சேரும் வாடிக்கையாளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தன் மேல்நிலை இணைப்பைப் பெரிதாக்காமல் விட்டால், சந்தை நாளில் மினி பஸ் மாதிரி ராத்திரியில் பிதுங்கும். இதற்கு உங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

கேபிளில் காலை, மாலை, ராத்திரி எந்நேரமும் 40 என்றால், இழையில் பழுது, தவறான பிளான் பதிவு, மாத டேட்டா வரம்பு முடிந்தது என்ற மூன்றில் ஒன்றாக இருக்கலாம். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி போன்ற ஒரு வரம்பு சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். நிறுவனத்தின் செயலியில் இந்த மாதம் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிய பிறகும் கேபிளில் விடாப்பிடியாக 94, 95 மட்டுமே வருகிறதா? அப்படியென்றால் குற்றவாளி பெரும்பாலும் ரௌட்டர்தான். இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரப்படும் ரௌட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பெட்டியின் மேல் '300 எம்பிபிஎஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது வைஃபையின் ஏட்டுக் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா சேர்ந்து, அக்கம்பக்கத்தில் வேறு வைஃபையே இல்லாத உலகத்தில் வரக்கூடிய உச்சம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதில் பாதி வந்தாலே பெரிது. நிறுவனம் உயர்ந்த பிளானை விற்கும்போது ரௌட்டரையும் மாற்றித் தர வேண்டும் என்று கேளுங்கள். 'கிகாபிட் போர்ட், டூயல் பேண்ட்' என்ற இரண்டு வார்த்தைகளைச் சொன்னாலே எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும்.

ரௌட்டர் நல்லதாக இருந்தும் 95தான் என்றால், கேபிளை மாற்றிப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் 4 போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம். நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

ரௌட்டரைப் பரணில் வைத்தால்...

நம் வீடுகளில் ரௌட்டர் எங்கே இருக்கிறது? கேபிள் வாசல் வழியாக வந்தால் வாசல் பக்கம். இல்லையென்றால் டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் கண்ணாடிக்குள், பரணில் அண்டா குண்டாவுக்கு நடுவில், அல்லது 'பார்க்க அசிங்கமா இருக்கு' என்று பீரோவுக்குப் பின்னால். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவருக்கு எங்கே கேபிள் மிச்சமாகுமோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு முடிவைத்தான் வருடக்கணக்காக அனுபவிக்கிறோம்.

இரும்பு பீரோ வைஃபையைத் திருப்பி அனுப்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உலோகப் பூச்சும் அப்படித்தான். மீன் தொட்டித் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி வலை இருப்பதால் மாடிக்கு சிக்னல் ஏறுவது குதிரைக்கொம்பு. ரௌட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் வைப்பதுதான் செலவே இல்லாத முதல் வைத்தியம். அதற்கு இன்னும் கொஞ்சம் நீளமான ஃபைபர் வயர் தேவைப்படலாம். லைன்மேனிடம் கேட்டால் மாற்றிக் கொடுப்பார். ஃபைபரை நாமே இழுத்து மடித்து ஆணி அடிப்பது மட்டும் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் அந்த இடத்திலேயே ஒளி கசிந்து வெளியேறிவிடும்.

ஆன்டெனாவை எப்படி வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குச்சி மாதிரி இருக்கும் ஆன்டெனாவின் நுனியில் இருந்து அலை பாய்வதில்லை. குச்சியைச் சுற்றி, மெதுவடை வடிவத்தில் பரவுகிறது. குச்சி, வடையின் ஓட்டை வழியாகச் செருகியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தளத்தில் உள்ள அறைகளுக்கு ஆன்டெனா நேராக நிற்க வேண்டும். மாடியில் இருப்பவரை நோக்கிக் குச்சியை நீட்டினால் அவருக்குக் கிடைப்பது வடையின் ஓட்டைதான். மாடிக்கும் கொஞ்சம் போக வேண்டும் என்றால், ஒரு ஆன்டெனாவைப் படுக்க வைத்துப் பாருங்கள்.

2.4-ஆ, 5-ஆ?

வைஃபை பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வரும். ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருக்கும். இது மொபைல் 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அடுத்த தெருவில் கல்யாணம் நடந்தால் தவில் சத்தம் நம் வீட்டுக்குள் கேட்கும், நாதஸ்வரம் என்ன வாசிக்கிறது என்பது அவ்வளவாகக் கேட்காது. அதுபோல, அதிர்வெண் குறைந்த 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவரில் களைத்துவிடும். ரௌட்டர் இருக்கும் அறையிலும் அதற்கு அடுத்த அறையிலும் டிவி, லேப்டாப் எல்லாம் 5-ல் இருக்கட்டும். தூரத்து அறைக்கும் ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவற்றுக்கும் 2.4 போதும்.

2.4-ல் இன்னொரு தலைவலி, கூட்டம். மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் அதே அலைவரிசையில்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் போனைத் திறந்தால் 20 வைஃபை பெயர் தெரிகிறது. அத்தனைக்கும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இலவச வைஃபை அனலைசர் செயலி ஒன்றை இறக்கினால் எந்தச் சேனலில் நெரிசல் குறைவு என்று தெரியும். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் போட்டு உள்ளே போய் அந்த எண்ணை மாற்றலாம். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுது' என்பதன் ரகசியங்களில் ஒன்றும் இதுதான். பல ரௌட்டர்கள் ஆன் ஆகும்போது காலியான சேனலைத் தேடிப் பிடிக்கின்றன. சில நாளில் அங்கேயும் கூட்டம் சேர்ந்துவிடும்.

வைஃபை என்பது ஒரே மைக் உள்ள கூட்டம் மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்து அறையில் சார்ஜில் கிடக்கும் பழைய போன் ஒன்று, திக்கித் திணறி மெதுவாகப் பேசினால், அது முடிக்கும் வரை புது போனும் காத்திருக்க வேண்டும். பயன்படுத்தாத பழைய கருவிகளின் வைஃபையை அணைப்பது இதனால்தான் பலன் தருகிறது.

ஸ்பீடு இருக்கு, ஆனா மீட்டிங் உடையுது: ஏன்?

இதுதான் அதிகம் பேசப்படாத, ஆனால் வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்களை அதிகம் படுத்தும் சிக்கல். ஆன்லைன் இன்டர்வியூ நடக்கிறது. ஸ்பீட் டெஸ்ட்டில் 90 காட்டுகிறது. ஆனாலும் குரல் விட்டு விட்டு வருகிறது. 'ஹலோ, கேக்குதா?' என்றே பாதி நேரம் போகிறது. பார்ப்பவருக்கு அது நெட் பிரச்சினையாகத் தெரியாது, பேசுபவரின் தடுமாற்றமாகத் தெரியும். வேலையே கைநழுவும் இடம் இது.

பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யாரோ ஊருக்குப் போய் வந்த 400 போட்டோ, வீடியோவை மொபைல் தானாகவே கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோட் பாதை முழுக்க அதனால் நிரம்பிவிடும். ரௌட்டர், வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். உங்கள் குரலைச் சுமந்துவரும் சின்ன பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ரேஷன் கடையில் ஒருவர் மட்டும் பத்து கார்டோடு முன்னால் நின்றால், பின்னால் கால் கிலோ சர்க்கரைக்கு நிற்பவரின் நிலைமை எப்படியோ அப்படி. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்து, 1 மெகாபைட் வரிசை நின்றாலே, கடைசி பாக்கெட் 0.8 நொடி காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டாமல் இருப்பதே பேச்சுக்கு நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். ஆக 0.8 நொடி, அதாவது 800 மில்லிசெகண்ட், எவ்வளவு அதிகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-ஆம் ஆண்டு தன் வீட்டு இணைப்பிலேயே இதைத் துருவிக் கண்டுபிடித்தார். அவர் வைத்த பெயர் 'பஃபர்புளோட்'. நினைவகம் மலிவானதால் நிறுவனங்கள் கருவிகளில் பெரிய பெரிய வரிசைகளுக்கு இடம் கொடுத்துவிட்டன. அதுவே தாமதமாக மாறியது.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்பதை அதே ஸ்பீட் டெஸ்ட்டில் பார்க்கலாம். வேக எண்ணின் பக்கத்தில், சும்மா இருக்கும்போது, டவுன்லோட் ஓடும்போது, அப்லோட் ஓடும்போது என மூன்று 'பிங்' எண்கள் சிறிதாக இருக்கும். ஃபாஸ்ட் டாட் காமிலும் கூடுதல் விவரத்தைத் தொட்டால் வரும். 10, 15 என்று இருந்த பிங், அப்லோட் ஓடும்போது 300, 400க்கு எகிறினால், அதுதான் நோய்.

வைத்தியம் எளிது. முக்கியமான மீட்டிங்குக்கு முன் எல்லா போனிலும் போட்டோ பேக்கப்பை நிறுத்தி வைக்கலாம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டிலும் கம்ப்யூட்டர் செட்டிங்கில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு போட முடியும். கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமராக்கள் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரௌட்டரில் 'பேண்ட்வித் கன்ட்ரோல்' அல்லது 'க்யூஓஎஸ்' என்ற வசதி இருந்தால், உங்கள் உண்மையான அப்லோட் வேகத்தில் 85, 90 சதவீதத்தை வரம்பாக வைத்துவிடுங்கள். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வரிசையே உருவாகாது. இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். 300 எம்பிபிஎஸ் பிளான் அப்புறம்.

கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையில் இருந்து அமெரிக்கா 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 130 மில்லிசெகண்டாவது ஆகியே தீரும். நடைமுறையில் 200ஐத் தாண்டும். அமெரிக்க சர்வரில் விளையாடிக்கொண்டு 'பிங் அதிகமா இருக்கு, பிளானை மாத்துங்கப்பா' என்றால் எந்த பிளானும் உதவாது. மும்பை அல்லது சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பலன் தராத வைத்தியங்கள்

'டிஎன்எஸ் மாற்றினால் நெட் பறக்கும்' என்று யூடியூபில் நூறு வீடியோ இருக்கிறது. 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடுவதால், இணையதளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் அந்த முதல் நொடி கொஞ்சம் சுருங்கலாம். டவுன்லோட் வேகம் ஒரு எம்பிகூடக் கூடாது. 'நெட் பூஸ்டர்' செயலிகள் விளம்பரம் காட்டவும் தகவல் சேகரிக்கவும்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன, இறக்காதீர்கள். ஆன்டெனாவுக்குப் பின்னால் அலுமினியத் தாள் கட்டுவது ஒரு பக்க சிக்னலைக் கூட்டி மறு பக்கத்தைக் கெடுக்கும்.

ரிப்பீட்டர் வாங்குவதில் மட்டும் நிதானம் வேண்டும். பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டர், ஒரே ரேடியோவில் கேட்டு அதையே திருப்பிச் சொல்வதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். சிக்னலே இல்லாத அறையில் அதை வைத்தால், அதுவே கேட்காமல் தவிக்கும். பெரிய வீடு, மாடி வீடு என்றால் ரௌட்டரில் இருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரௌட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வைப்பதுதான் காசுக்கேற்ற பலன். மெஷ் வாங்கினாலும் அவற்றை கேபிளில் இணைக்க முடிந்தால் நல்லது.

வைஃபை பாஸ்வேர்டு மொபைல் எண்ணாகவோ 12345678 ஆகவோ இருந்தால் உடனே மாற்றுங்கள். ரௌட்டர் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் அடுத்த வீட்டு டிவியும் அதில் இருக்கக்கூடும்.

லைனில்தான் கோளாறு என்றால்

ரௌட்டரில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ கண் சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை. வயர் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், தெருவில் மரம் வெட்டியவர்கள் அறுத்திருக்கலாம். அதற்கு ஆள்தான் வர வேண்டும். அந்த விளக்கு எரியாமல் இருந்தும் வேகம் குறைவு என்றால், வரும் லைன்மேனிடம் 'ஆப்டிக்கல் பவர் எவ்வளவு வருது?' என்று கேளுங்கள். சாதாரண வீட்டு ஃபைபரில் மைனஸ் 27 டிபிஎம் என்பது விளிம்பு. மைனஸ் 20 நல்லது. மைனஸ் 28, 29 என்றால் எங்கோ இணைப்பு பழுது. ரௌட்டரை எத்தனை முறை ஆஃப் செய்தாலும் தீராது.

புகாரை போனில் சொன்னாலும் புகார் எண் வாங்காமல் வைக்க வேண்டாம். மூன்று நாள் கேபிள் டெஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட்களை மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'வைஃபையில் இல்லை, கேபிளில் எடுத்தது. காலை இவ்வளவு, ராத்திரி இவ்வளவு' என்று எழுதினால் 'ரௌட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்ற பதில் எடுபடாது. ட்ராய் அமைப்பு தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. அதன் 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. மேல்முறையீட்டுக்கும் கட்டணம் கிடையாது. அவரது தொடர்பு விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நுகர்வோர் நீதிமன்றமும் திறந்தே இருக்கிறது. தொலைத்தொடர்பு சேவை பற்றிய புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாமா என்ற நீண்ட நாள் சர்ச்சைக்கு, 'விசாரிக்கலாம்' என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை; ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பில், புகார் எண்கள், தேதியும் நேரமும் தெரிகிற அந்த ஸ்கிரீன்ஷாட்கள் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.